திடலில் எழுந்த பறையொலி

2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபையின் பெய்ன் பள்ளித் திடலில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், தென்மாவின் இசையமைப்பில், 19 கலைஞர்கள் கானாவையும் பறையையும் ராக், ராப் இசையோடு இணைத்தனர். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தினின்று பிறந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசை ஆலயப் பாடலினின்று கிளைத்து வெளியே வந்தது. 1969இல் நியூயார்க் ஹார்லெம் பூங்காவில் மகேலியா ஜாக்சன் பாடியபோது திறந்தவெளியே ஆலயமாயிற்று. நம் கானாவோ இழவு வீட்டில் வளர்ந்தது. திருவண்ணாமலை வட்டாரம் உட்படப் பல இடங்களில் பறையடித்தல் சாதிக்கடமையாகச் சுமத்தப்பட்டது. அவ்விழிவை இம்மேடை உதறியது; அதுவே இதன் சாதனை.

ஆயினும் ஒரு குறையுண்டு. இடஒதுக்கீடு முதலியவற்றைப் பாடுகையில் முழக்கம் ஓங்க, கானாவுக்கே உரிய புலம்பல் தாழ்ந்துவிடுகிறது. புலம்பலும் எதிர்ப்பே என்பதைச் சங்கீதப் புத்தகம் அறிந்தோர் மறுக்கார்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருள்திரு தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளை வழிபாட்டினுள் கொணர்ந்தார். பள்ளித் திடலில் ஒலித்த பறைக்கு நம் ஞாயிறு ஆராதனையில் இடமுண்டா? ஆயர்களாகிய நாமே விடையளிக்க வேண்டும்.