குடிசையும் கலையும்

சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு உருவாக்கியது சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கிக் கீத்துக் கொட்டகை போட்டு வாழ்ந்தார்கள். அரசிடம் கையேந்தாமல், கைத்தொழிலை இழிவென்று நினைக்காமல் நின்றது பெரிய காரியம். அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறே. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குடிசை, கடல், தனிமை என்று உருகுகிறார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தால் கலை பிறக்குமாம். அப்படீன்னா தர்மபுரி மாவட்டத்துச் சேரிகளில் பிறந்த நாங்க எல்லாருமே மகா கலைஞர்கள்தான்! எங்களை ஒதுக்கி வைத்தது யார் என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

சரி, குடிசையை விட்டு வெளியே வந்தால்? நத்தம் காலனி சனங்கள் பெங்களூருக்குப் போய் உழைத்து மெத்தை வீடு கட்டினார்கள். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தியது சாதிவெறிக் கும்பல்.

விரும்பிப் போகிறவனுக்குத் திரும்பி வர வழி இருக்கு. அதற்குப் பேர் தனிமை. தள்ளிவைக்கப்பட்டவனுக்கு அந்த வழி கிடையாது. அதற்குப் பேர் தீண்டாமை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கலை விமர்சனம் நமக்கு எதுக்கு?