பால் திரியவில்லை

பெங்களூரில் முதல் வாரம். பால் பாக்கெட்டில் 'ஹாலு' என்று பார்த்துவிட்டு, "நம்ம பால்தான் இங்க வந்து திரிஞ்சுபோச்சு" என்று சிரித்தேன். சொல்லாய்வு என்று நாம் பகிரும் பல கட்டுரைகள் இதே நக்கலைத்தான் ஆராய்ச்சியாக எழுதுகின்றன.

பழங்கன்னடத்திலும் அது 'பால்'தான். 10ஆம் நூற்றாண்டையொட்டித்தான் சொல்முதல் பகரம் ஹகரமாகத் தொடங்கியது: புலி ஹுலி ஆனது, பத்து ஹத்து ஆனது. மலையாளத்தில் இன்றும் பால், தெலுங்கில் பாலு.

சரி, மாறியது கன்னடம் மட்டுமா? அங்கே காது இன்னும் 'கிவி'. நாம்தான் அந்தப் பழைய ககரத்தைச் சகரமாக்கி 'செவி' என்கிறோம். அப்போ திரிஞ்சது யாரு? தாய், மகள் என்று உறவு சொல்லும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. ஒரே வீட்டில் பால் குடித்து வளர்ந்த அக்கா தங்கைகள் என்று எழுதினால் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்?