அழும் பிள்ளையை வெளியே கொண்டு போங்கள்

எமது ஒன்றுகூடல்களில் நாடகம் தொடங்க முன்னர் ஒலிவாங்கியில் தவறாமல் வரும் வசனம் ஒன்று உண்டு: 'அம்மாமார் தயவுசெய்து அழுகிற பிள்ளையளை வெளியில கொண்டு போங்கோ.' அப்பாமாரை அழைத்து யாரும் இப்படி அறிவித்து நான் கேட்டதில்லை. அரங்கில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்பதை நாடகத்துக்கு முன்னரே சொல்லிவிடும் வசனம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான், இரண்டு வயதும் மூன்று மாதமுமான என் மகளுடன் பலெர்மோவின் 'ஒப்பெரா டெய் பூப்பி' என்ற பாவைக்கூத்தைப் பார்க்கப் போனேன்.

நாங்கள் இருப்பது அல்பெர்கேரியாவில். பல்லாரோ சந்தையின் கூவல்களுக்கு நடுவே நித்திரைகொள்ளப் பழகிய பிள்ளை அவள். நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன மண்டபம், மர வாங்குகள். பலெர்மோப் பாவைகள் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரிலிருந்து 1 மீற்றர் வரை உயரம், 8 கிலோ அளவு பாரம். உலோகக் கவசம், தலையிலும் வலது கையிலும் இரும்புக் கம்பி. முழங்கால் மடியும், உறையிலிருந்து வாளை உருவவும் முடியும். சண்டை வந்தால் ஆட்டுபவர்கள் பலகையில் காலால் ஓங்கி மிதிப்பார்கள். இடையிடையே உருளைப் பியானோ ஒலிக்கும். யுனெஸ்கோ 2001 இல் இதை மானுடத்தின் அருங்கலைகளில் ஒன்றாக அறிவித்தது.

விளக்கு அணைந்ததும் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதல் மிதிச்சத்தத்துக்கு வீரிட்டு அழுதாள். முன்னால் இருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். வாசலில் நின்று ரிக்கற் கிழித்த பெண், இரு என்று கையால் சைகை காட்டினார். இரண்டாவது சண்டையில் மகள் வாங்கில் ஏறி நின்று தானும் காலால் மிதித்தாள். அதன் பிறகு யாரும் திரும்பவில்லை.

இதை இத்தாலியரின் பெருந்தன்மை என்று எழுதிவிட்டுப் போகலாம். அது அரைகுறை உண்மை. இந்தக் கூத்து முன்னர் இரவுக்கிரவு தொடர்ந்து மாதக்கணக்கில் நடந்தது. சார்ள்மேன் மன்னனின் வீரர்களைப் பற்றி ஜூஸ்தோ லோதிகோ 1858-60 இல் தொகுத்த பெருங்கதையே அதற்கு ஆதாரம். பார்வையாளர்கள் சத்தமிட்டார்கள், துரோகி கானோ மேடைக்கு வந்தால் கையில் கிடைத்ததை எறிந்தார்கள். ஆனால் அந்தப் பார்வையாளர்கள் பெரும்பாலும் தொழிலாள ஆண்கள். சத்தமிடும் உரிமை அவர்களுடையதாகவே இருந்தது. சினிமாவும் ரெலிவிஷனும் அவர்களை இழுத்துக்கொண்ட பின்னர்தான், சுருங்கிப்போன ஒரு மணித்தியால ஆற்றுகைக்கு உல்லாசப் பயணிகளோடு தாய்மாரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தோம்.

எமது கதை தலைகீழானது. விடியவிடிய நடந்த கூத்துக்குப் பெண்கள் பாயோடும் பிள்ளையோடும் போனார்கள். பிள்ளை நித்திரைகொண்டது, ராசா வரவுக்கு எழுப்பினார்கள், திரும்ப நித்திரைகொண்டது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' முதலானவற்றைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் ஏளனம் செய்த கலைக்கு மரியாதை கிடைத்தது. அந்தச் சாதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டக்களரி போனபோது பாயும் போய்விட்டது. இருட்டு மண்டபம் வாய்மூடிய பார்வையாளரைக் கேட்கிறது. புகலிடத்துக்கு நாம் காவிவந்தது இந்த மண்டபத்தைத்தான். இங்கே பிள்ளைகள் மேடையில் போட்டிக்கு ஆடலாம். மேடைக்குக் கீழே அவர்கள் இடைஞ்சல். பிள்ளையோடு வெளியேறும் தாய், நாடகம் பற்றிய விவாதத்திலிருந்தும் வெளியேறுகிறாள். பிறகு 'எங்கட பெண்கள் ஏன் விமர்சனம் எழுதுவதில்லை' என்று கேட்கிறோம்.

'அந்த வயசில என்ன விளங்கும்' என்பது முதலாவது ஆட்சேபம். பொலோஞாவின் 'லா பரக்கா' குழு, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே நாடகம் செய்யும் முயற்சியை 1987 இல் தொடங்கியது. கதை விளங்குவது மட்டுமே பார்ப்பது அல்ல என்பது அதன் அடிப்படை. என் மகளுக்கும் கதை விளங்கவில்லை. மிதி விளங்கியது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இந்தக் கூத்தில் சரசேனியர்கள் என்ற முஸ்லிம்களின் தலைகள் உருளுகின்றன. உடல்கள் இரண்டாகப் பிளக்கின்றன. 831 இலிருந்து 1072 வரை அரபியர் ஆண்ட நகரம், அவர்களையே எதிரியாக்கி வெட்டுகிறது. விழுந்தவர்களைப் பார்த்து மகள் 'அம்மா, விழுந்திட்டார்' என்றாள். சரசேனியர் விழுந்தபோதும் சொன்னாள். கிறிஸ்தவ வீரர் விழுந்தபோதும் சொன்னாள். குழந்தையின் வாயில் தத்துவத்தைத் திணிக்க நான் விரும்பவில்லை. அவளுக்கு அணி பிரிக்க இன்னும் தெரியாது, அவ்வளவுதான். யார் எதிரி, யார் துரோகி என்று பிரித்தறிய நாங்கள் எந்த வயதில் கற்றோம் என்பதை யோசித்துப் பார்த்தால், அந்தப் பாடம் தொடங்கும்போது நான் அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே படுகிறது. மண்டபத்துக்கு வெளியே அல்ல.

விழா எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. முன்வரிசைக் கதிரைகளைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காமல், அந்த இடத்தில் இரண்டு பாய் விரியுங்கள். அழும் பிள்ளையை யாராவது வெளியே கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், அறிவிப்பில் அப்பாமாரையும் சேருங்கள். எத்தனை பேர் எழும்புகிறார்கள் என்று பார்ப்போம்.