குற்றப் பரம்பரைச் சட்டம்: கோட்பாடு முந்தியதா, சட்டம் முந்தியதா?

குற்றவியல் கோட்பாடுகளிலிருந்தே நீதிக் கொள்கைகள் பிறக்கின்றன எனப் பாடநூல்கள் கூறுகின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இக்கூற்று நிற்கவில்லை. 'பிறவிக் குற்றவாளி' என்னும் கருத்தைப் பரப்பிய இத்தாலியர் லொம்புரோசோவின் நூல் வெளிவந்தது 1876இல். ஆங்கிலேயரோ இச்சட்டத்தை 1871இலேயே இயற்றிவிட்டனர். குலத்தொழில் போலத் திருட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் என்ற ஊகமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கோட்பாடு பின்னால் வந்த சாக்கு!

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் முதலிய சமூகத்தாரின் கைரேகைகள் பதியப்பட்டன. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல் மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது.

ஊகம் நீங்கியதா? கடலூர், சிதம்பரம் மாணவர்கள் விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1993இல் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட குறவர் சமூகத்து இராசாக்கண்ணு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். இவ்வழக்கைத் தழுவிய 'ஜெய் பீம்' (2021) படத்தில், சிறைவாசலில் சாதி கேட்டு ஆட்களைப் பிரிக்கும் காட்சி அந்த ஊகத்தைச் சரியாகவே பிடிக்கிறது. ஆனால் இறந்தவரை இருளராக மாற்றியதால், குறவர் மீது பழைய பட்டியல் குத்திய முத்திரை படத்தில் மங்கிவிடுகிறது.