எண்ணிமக் குடிமையும் ஆசிரியர் பயிற்சியும்

குடிமை பிறப்பினால் மட்டும் அமைவதன்று, பழக்கத்தினால் அமைவது. அயலார்க்கு இடரின்றி ஒழுகுதலும், கேட்டதனை ஆராயாது பிறர்க்கு உரையாமையும் அதன்பாற்படும். இணையத்தின்கண் பழகுவோர்க்கும் இவ்வொழுக்கம் வேண்டற்பாலது என்னுங் கருத்தே எண்ணிமக் குடிமை எனப்படுகின்றது. இதனை மாணவர்க்குப் புகட்டுமுன் ஆசிரியர் கற்றல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அக்கல்விக்கு இன்று வழங்கும் இணையவழிப் பாடநெறிகள் போதியனவா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது, அமெரிக்கராகிய மைக் றிபிள், ஜெரல்ட் பெய்லி என்னும் இருவர் பாடசாலைகளுக்கென 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலாகும். இணைய வசதி பெறுதல், வணிகம், தொடர்பாடல், எழுத்தறிவு, நன்னடத்தை, சட்டம், உரிமையும் பொறுப்பும், உடல்நலமும் உளநலமும், பாதுகாப்பு என ஒன்பது கூறுகளை அது வகுத்தது. வசதி பெறுதலையும் ஒரு கூறாக வைத்தமை, கருவியில்லாதான் அவ்வுலகிற் குடியாகான் என்னும் உண்மையை உணர்த்தும். உரிமையைப் பொறுப்போடு பிணைத்தமையும் பாராட்டத்தக்கதே. ஆயின், ஒன்பதாகப் பகுக்கப்பட்ட பொருள் மனனஞ் செய்தற்கும் வினாவிடையாக்குதற்கும் எளிதாயிற்று. பாடநெறி வகுப்போர் பலர் இவ்வெளிமையையே பற்றிக்கொண்டனர். காணொளியைப் பார்த்தல், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிதல், சான்றிதழ் பெறுதல் என்னும் மூன்றோடு குடிமைக் கல்வி முற்றுப்பெறுகின்றது.

பிறர் குறையாக மட்டும் இதனை யான் கூறவில்லை. 2020 மார்ச்சில் எம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபின், ஆசிரியர் பலரைப் போன்று யானும் இத்தகைய பாடநெறியொன்றைப் பயின்று முழுப்புள்ளி பெற்றேன். சின்னாட் கழித்து, பரீட்சை பிற்போடப்பட்டதென்னும் அறிவித்தலொன்று வட்ஸ்அப்பில் வந்தது. இலச்சினையும் கையொப்பமும் இருந்தமையால், ஆராயாது வகுப்புக் குழுவிற்கு அனுப்பிவிட்டேன். "சேர், பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இப்படியொன்றும் இல்லையே" என மாணவி ஒருத்தி எழுதினாள். அறிவித்தல் போலியானது. சான்றிதழ் என் மேசையில் இருந்தது. பழக்கம் என் கையில் இல்லை.

கற்றோரும் இவ்வாறு இடறுவர் என்பதற்குத் தக்க சான்று உண்டு. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துச் சாம் வைன்பேர்க், சாரா மக்குறூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுக் கலாநிதிகள் பதின்மரும், செய்திகளின் மெய்ம்மையைச் சரிபார்க்குந் தொழிலோர் பதின்மரும், பல்கலைக்கழக மாணவர் இருபத்தைவரும் இணையத்தளங்களை மதிப்பிட்டனர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் தளங்கள் அவர்க்குக் காட்டப்பட்டன. ஒன்று 1930இல் தோன்றிய பேரமைப்பு. மற்றையது அதனின்றும் கருத்து மாறுபட்டோர் 2002இல் அமைத்த சிறு குழு. சரிபார்ப்போர் அனைவரும் உண்மை கண்டனர். வரலாற்றறிஞருட் சிலர் தடுமாறினர். மாணவருட் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே நம்பினர். காரணம் யாது? ஏனையோர் அத்தளத்தின் தோற்றத்தையும் மொழிநடையையும் மேற்கோள்களையும் மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்தனர். சரிபார்ப்போரோ உடனே அதனை விட்டு நீங்கி, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் கூறுவது யாதெனத் தேடினர். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்பது பெயர். நூலை ஊன்றிப் படித்தலே கல்வியெனப் பயின்ற எமக்கு, இடையிற் படிப்பதை நிறுத்துதலும் ஓர் அறிவாதல் வியப்பே. வள்ளுவர் கல்விக்கும் கேள்விக்கும் அறிவுடைமைக்கும் வெவ்வேறதிகாரம் வகுத்தமை ஈண்டு நினையத்தக்கது.

ஆயின் இணையவழிக் கல்வியே பயனற்றதோ? அன்று. ஸ்ரான்போட் ஆய்வாளரே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தாருடன் கூடி, இவ்வாசிப்பினை ஆசிரியர்க்குப் பயிற்றும் இணையவழிப் பாடநெறியொன்றை அமைத்தனர். தீவகத்து ஆசிரியரும் மலையகத்து ஆசிரியரும் ஊர்விட்டு நீங்காது கற்கலாம் என்பது சிறிய நன்மையன்று. மேலும், எந்த இணையத்தில் பிழை நிகழுமோ அதன்கண்ணேயே பயிற்சியும் நிகழலாம். அவ்வாய்ப்பைக் கைவிட்டு விதிகளை மட்டும் ஓதுதல், குளத்துள் நின்றுகொண்டு நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக்காட்டுதலை ஒக்கும்.

மற்றொரு தடையும் உளது. ஹாவாட் பல்கலைக்கழகமும் மேற்கூறிய நிறுவனமும் நடாத்திய திறந்த இணையவழிப் பாடநெறிகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரையொன்று, 2017-18இற் பதிந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரே அவற்றை முடித்தனர் எனக் கூறுகின்றது. பதிந்தோர் யாவரும் முடிக்கும் எண்ணத்தோடு பதிந்தாரல்லர் எனினும், தனித்திருந்து கற்றல் எளிதன்று என்பது இதனாற் புலனாகும். வெளிவாரியாகப் பட்டம் பெற்ற எம்போன்றோர்க்கு இது புதிய செய்தியுமன்று. உடன் கற்பார் இருவர் இருந்தமையாலன்றோ யாம் பரீட்சை மண்டபம்வரை சென்றோம்!

ஆதலின், பாடநெறி இணையத்தில் இருக்கட்டும். பயிற்சி ஆசிரியர் கூடத்தில் நிகழட்டும். திங்கள்தோறும் ஐவரோ அறுவரோ கூடி, அவ்வாரத்தில் தமக்கு வந்த செய்தியொன்றின் மூலத்தைத் தேடிக் காண்பாராக. தவறாக அனுப்பியதைத் தவறென அதே குழுவில் எழுதும் துணிவையும் பழகுவாராக. யானும் அன்று அவ்வாறே எழுதினேன். அம்மாணவிக்கு நன்றியும் கூறினேன். சான்றிதழ் தராத பாடத்தை அவள் தந்தாள்.