பெபேயாளுக்குரிய சொல்

ரோமர் 16:1,2இல் பவுல் பெபேயாளை இரு சொற்களால் அறிமுகஞ்செய்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு அவற்றைத் தந்துள்ள முறை ஆராயத்தக்கது.

முதலாவது ‘டியாக்கொனொஸ்’. பிலிப்பியர் 1:1இல் ‘உதவிக்காரர்’ என்னும் பதவிப்பெயரான அது, இங்கே ‘ஊழியக்காரி’ ஆகிறது. இதில் நாம் பெருங்குறை காணோம். 1 கொரிந்தியர் 3:5இல் பவுலுக்கும் ‘ஊழியக்காரர்’ என்பதே பெயர்.

குறை இரண்டாஞ்சொல்லில் உள்ளது. ‘ப்ரொஸ்டாட்டிஸ்’ முன்னின்று காப்பவரைக் குறிக்கும். அதே வேரினின்று பிறந்த வினை ரோமர் 12:8இல் ‘முதலாளியானவன்’ எனப் பெயர்க்கப்பட்டது; பெபேயாளிடத்திலோ ‘ஆதரவாயிருந்தவள்’ என்று தணிந்தது. ஆதரவு என்னும் பொருள் தவறன்று. புரவலரின் உதவி அச்சொல்லில் அடங்கியுள்ளது. ஆனால் முன்னிற்கும் நிலை மறைந்துபோயிற்று.

இம்மறைவு ஏட்டோடு நிற்பதன்று. பள்ளியையோ மருத்துவமனையையோ நடத்தும் பெண்ணை நன்றியுரையில் ‘உதவியாயிருந்தார்’ என்பதும், அதே பணியிலுள்ள ஆணைத் ‘தலைவர்’ என்பதும் நம்மிடையே வழக்கம். 2013இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலில் தென்னிந்தியத் திருச்சபையின் முதற் பெண் பேராயரானார். பதவி வந்தபின்னும் சொல் பின்தங்குமாயின், பொறுப்பின் பாரம் பெண்ணிடமும் அதிகாரம் பிறரிடமும் நிற்கும்.

பெபேயாளுக்குத் தேவையானவற்றில் உதவும்படி பவுல் ரோமச் சபையாரைக் கேட்டார். அவளுக்குரிய சொல்லைக் கொடுப்பது நம் கடன்.