ஐகிரவுண்டுக்கு அனுப்பின பிறகு என்ன ஆச்சு?

தூரத்து நிபுணர் வீடியோ வழியே சின்ன ஊர் டாக்டருக்கு வழிகாட்டுவது என்றாலே எல்லாரும் 'எக்கோ' திட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். 2003-இல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா தொடங்கியது. ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 407 பேரை வைத்து 2011-இல் ஆய்வு வந்தது. பல்கலைக்கழக கிளினிக்கில் 57.5 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியிருந்தது. சின்ன ஊர்களிலும் சிறைகளிலும் 58.2. நல்ல ரிசல்ட்தான். ஆனா அதை அப்படியே விபத்துச் சிகிச்சைக்குத் தூக்கிட்டு வர்றதுல ஒரு கோளாறு இருக்கு. ஹெபடைட்டிஸ் சி-க்கு அப்போது மாதக்கணக்கில் மருந்து. வாராவாரம் கூடிப் பேசலாம். ரத்தம் கொட்டிக்கிட்டு வர்றவருக்கு வாரம் ஏது?

அம்பாசமுத்திரம் பக்கம் ராத்திரி ஒருத்தர் பைக்கிலிருந்து விழுந்துட்டார்னு வச்சுக்குவோம். டூட்டியில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். காயத்தை அமுக்கிப் பிடிக்கவே கை போதாது, இதுல போனை யார் பிடிக்க? முதலுதவி செய்து 108-இல் ஏற்றுவார்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு. அதுக்கப்புறம் அவர் பிழைச்சாரா இல்லையான்னு அனுப்பின டாக்டருக்குப் பெரும்பாலும் தெரியாது. என் பார்வையில் ஓட்டை இங்கேதான்.

2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை, தொடங்கும்போது 1 லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்கும் என்றது. பணப் பயம் குறைந்தது, பெரிய விஷயம். ஆனால் அந்த 48 மணி நேரத்தில் எடுத்த முடிவு சரியா என்று பில் சொல்லாது.

ஒரு உதாரணம், டிரானெக்சாமிக் அமிலம். விலை குறைந்த ஊசி. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் வெளிவந்தது. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது. தாண்டிப் போட்டால் கூடுகிறது. அப்போ இந்த முடிவு அம்பாசமுத்திரத்தில் எடுக்க வேண்டியது, ஐகிரவுண்டில் அல்ல. "ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க? போடலைன்னா ஏன்?" என்று மறுவாரம் கேட்க ஒரு ஆள் வேணும்.

உண்மையில் எக்கோவின் உயிர் வீடியோவில் இல்லை. சின்ன ஊர் டாக்டர் தன் கேஸை எடுத்து வைக்கிறார், மற்றவர்களும் அதிலிருந்து கற்கிறார்கள். அதை மட்டும் எடுத்துக்கலாம்: போன வாரம் அனுப்பின கேஸ்கள், இறந்தவர்கள் உட்பட, அரை மணி நேரம். நடத்துவது மருத்துவக் கல்லூரி சர்ஜனாக இருக்கணும். மெமோ கொடுக்கும் அதிகாரி அந்தத் திரையில் உட்கார்ந்தால், ஊசி போட்ட நேரத்தை எவரும் உள்ளபடி சொல்லமாட்டார்.